விண்கலத்தில் எந்தக் கதிர்வீச்சு அளவியை ஏற்றுவது?

கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போன வழியில், அதனுள் இருந்த ராட் என்ற கருவி 2011 டிசம்பரிலிருந்து 2012 ஜூலை வரை கதிர்வீச்சை அளந்துகொண்டே போனது. அண்டக் கதிர்களால் நாளொன்றுக்குக் கிடைத்த டோஸ், அதாவது கதிர் பொருளில் இறக்கிய ஆற்றலின் அளவு, 0.48 மில்லிகிரே. அதே கதிர்கள் மனித உடலுக்குச் செய்யக்கூடிய கேட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 1.84 மில்லிசீவர்ட். இரண்டு எண்களுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு மடங்கு. கிரே மட்டும் காட்டும் அளவியை ஏற்றியிருந்தால் அந்த நான்கு மடங்கு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

எனவே கருவிகளின் விலையையும் எடையையும் பார்க்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த அளவி தரும் எண்ணை வைத்து யார், எப்போது, என்ன செய்யப் போகிறார்? கலத்துக்குள் இருப்பவர்கள் இப்போதே மறைவிடத்துக்குப் போக வேண்டுமா என்பது ஒரு முடிவு. அவர்கள் இனி எத்தனை நாள் பறக்கலாம் என்பது வேறொரு முடிவு. நாசா 2022-இல் வகுத்த வரம்பு, வயது, ஆண், பெண் வேறுபாடு எதுவும் பார்க்காமல் பணிக்காலம் முழுவதற்கும் 600 மில்லிசீவர்ட். நாளொன்றுக்கு 1.84 மில்லிசீவர்ட் என்ற கணக்கில் செவ்வாய்க்குப் போய்வர 360 நாள் ஆனால் பயணம் மட்டுமே 662 மில்லிசீவர்ட்டைத் தொட்டுவிடும். கலத்தின் மின்னணு எத்தனை ஆண்டு தாங்கும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பெட்டி போதும் என்று தொடங்கினால், மூன்றில் ஏதாவது ஒன்று அரைகுறையாகவே நிற்கும்.

அளக்கப்போகும் பொருளும் ஒரே மாதிரி இல்லை. அண்டக் கதிர்களில் எண்ணிக்கைப்படி 87 சதவீதம் அளவுக்குப் புரோட்டான், 12 சதவீதம் ஹீலியம் கரு, மிச்சம் 1 சதவீதம் இரும்பு வரையிலான கனமான கருக்கள். ஒரே வேகத்தில் போகும் துகள்கள் வழியில் இழக்கும் ஆற்றல் அவற்றின் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரும்புக் கரு ஒன்று புரோட்டானைப் போல் 676 மடங்கு ஆற்றலை இறக்கிவிட்டுப் போகும். சூரியப் புயலில் வருபவை பெரும்பாலும் புரோட்டான்கள்; சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் பட்டைகளில் புரோட்டானும் எலக்ட்ரானும் சிறைப்பட்டிருக்கின்றன. 400 கி.மீ. உயரத்தில் பறப்பவர்களுக்கு அந்தப் பட்டையின் தாழ்ந்த ஓரம் தென் அட்லாண்டிக் பகுதியில் எதிர்ப்படும்.

துகள் ஒரு மைக்ரோமீட்டர் தூரத்தில் எவ்வளவு ஆற்றலை விட்டுச் செல்கிறது என்பதே கிரேயைச் சீவர்ட்டாக மாற்றும் திறவுகோல். இதை ஆற்றல் இழப்பு வீதம் என்று வைத்துக்கொள்வோம். நீரில் அது 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பெருக்கும் எண் 1. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போய் 100-இல் ஏறக்குறைய 30 ஆகும். அதன்பின் மெல்லக் குறையும். இந்த வீதத்தை அளக்கத் தெரிந்த கருவிதான் சீவர்ட் சொல்ல முடியும். மற்றவை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கிரேயோடு நின்றுவிடும்.

டிஎல்டியும் சிஆர்-39-ம்

மின்சாரமே கேட்காத ஜோடி இது. டிஎல்டி என்பது லித்தியம் ஃப்ளூரைடு படிகச் சில்லு. வழக்கமான அளவு 3.2 மி.மீ. சதுரம், 0.9 மி.மீ. தடிமன். கதிர் பட்டதும் எலக்ட்ரான்கள் படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. பிறகு சூடேற்றும்போது விடுபட்டு ஒளியாக வெளிவருகின்றன. அந்த ஒளியின் அளவுதான் டோஸ்.

வேலை ஏவுதலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். சில்லுகளை 400 டிகிரியில் ஒரு மணி நேரமும் 100 டிகிரியில் இரண்டு மணி நேரமும் வைத்துப் பழைய நினைவை அழிக்க வேண்டும். சூடு ஆறும் வேகம் மாறினால் உணர்திறனும் மாறும் என்பதால் எல்லாச் சில்லுகளும் ஒரே அடுப்பில், ஒரே தட்டில் ஆறட்டும். சீசியம்-137 கதிர்மூலத்தின் முன் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்த எண் எழுதிக்கொள்ள வேண்டும். விரலால் தொடவே கூடாது. கையின் எண்ணெய்ப் பிசுக்கு சூடேறும்போது தானே ஒளிவிட்டுக் கணக்கைக் கெடுக்கும். உறிஞ்சிப் பிடிக்கும் வெற்றிட இடுக்கிதான் சரி. திரும்பி வந்தபின் நைட்ரஜன் ஓட்டத்தில் 300 டிகிரி வரை சூடேற்றிப் படிக்கிறார்கள். ஒருமுறை படித்தால் பதிவு அழிந்துவிடும், மறுபடி பார்க்க வழியில்லை. அதனால் ஒரு பொட்டலத்தில் ஒரே வகைச் சில்லு நான்கைந்தாவது இருக்கட்டும்.

குறுகிய பயணங்களில் டிஎல்டியைக் கவிழ்ப்பது விண்வெளி இல்லை, தரை. பூமிக்கு அருகிலான தாழ்பாதையில் மூன்று நாள் பயணத்தில் கிடைக்கும் டோஸ் 1 மில்லிகிரேயை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். தரையில் மண்ணும் சுவரும் தரும் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 0.9 மில்லிகிரே என்று வையுங்கள். பொட்டலம் ஏவுதளத்திலும் கிடங்கிலும் ஆய்வகத்திலுமாக ஆறு மாதம் கிடந்தால் 0.45 மில்லிகிரே சேர்ந்துவிடும், விண்ணில் வாங்கியதில் பாதி! ஆகவே பறக்கும் தொகுப்போடு இரண்டு துணைத் தொகுப்புகள் வேண்டும். ஒன்று ஏவுதளம் வரை கூடவே போய்த் தரையிலேயே நிற்பது, மற்றொன்று ஆய்வகத்தை விட்டு நகராதது. இவை வைக்கும் இடமும் முக்கியம். மணவாளக்குறிச்சிபோல் மோனசைட் மணல் உள்ள ஊரின் பின்னணி அளவும் சென்னையின் அளவும் ஒன்றில்லை. விமான நிலைய எக்ஸ்-ரே சோதனைப் பெட்டிக்குள் பொட்டலம் போனால் அதையும் தேதியோடு குறித்து வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் டிஎல்டிக்கு ஓர் உள்ளார்ந்த குறை உண்டு. ஆற்றல் இழப்பு வீதம் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் அதன் திறன் சரியத் தொடங்குகிறது. கனமான கரு ஒரே தடத்தில் அடர்த்தியாக ஆற்றலைக் கொட்டுவதால் அங்கு எலக்ட்ரான் சிக்கும் பொறிகள் நிரம்பி வழிந்து, மீதி வீணாகிறது. உடலுக்கு மிகக் கெடுதலான துகள்களைத்தான் டிஎல்டி குறைத்துச் சொல்கிறது.

அந்த இடத்தை நிரப்புவது சிஆர்-39. மூக்குக்கண்ணாடிக்குப் பயன்படும் அதே பிளாஸ்டிக், தூய வடிவில். கனமான துகள் அதைத் துளைக்கும் தடத்தில் மூலக்கூறுகள் அறுந்து கிடக்கும். லிட்டருக்கு 250 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீரில், 70 டிகிரியில், பல மணி நேரம் ஊறவைத்தால் தடம் மற்ற இடத்தைவிட வேகமாகக் கரைந்து சிறு குழியாகிறது. நுண்ணோக்கியில் நேராக விழுந்த துகளுக்கு வட்டமும் சாய்ந்து வந்ததற்கு நீள்வட்டமும் தெரியும். குழியின் அளவிலிருந்து ஆற்றல் இழப்பு வீதம் கிடைக்கும். வெப்பநிலைக் கட்டுப்பாடு இங்கே உயிர்நாடி. ஒரு டிகிரி ஏறினாலே கரையும் வேகம் 8 சதவீதம் அளவுக்குக் கூடிவிடும். கரைசலைக் கிளறாமல் விட்டால் தொட்டியின் மேலும் கீழும் வேறு வேறு அளவில் குழி விழும். ஒவ்வொரு தொட்டியிலும், அயனி முடுக்கியில் தெரிந்த துகளால் தாக்கப்பட்ட ஒப்பீட்டுத் துண்டு ஒன்றையும் சேர்த்து ஊறவைப்பது நல்ல பழக்கம்.

இதன் எதிரி ரேடான். கட்டடக் காற்றில் உள்ள ரேடான் வாயு உமிழும் ஆல்ஃபா துகள்கள் பிளாஸ்டிக்கில் அச்சு அசலாகத் தடம் பதிக்கும். அலுமினியப் பூச்சுள்ள பைக்குள் முத்திரையிட்டு, கடைசி நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது ஒரு தவறு சுலபமாக நேரும். டிஎல்டி எண்ணோடு சிஆர்-39 எண்ணை அப்படியே கூட்டினால் கனமான துகள்கள் இரண்டு முறை எண்ணப்படும். ஆற்றல் இழப்பு வீதம் 10-க்கு மேற்பட்ட பகுதியில் டிஎல்டி எவ்வளவு பார்த்திருக்கும் என்பதை அதன் திறன் வளைவால் பெருக்கிக் கண்டுபிடித்து, அதை டிஎல்டி எண்ணிலிருந்து கழித்துவிட்டு, பிறகே சிஆர்-39 தந்த முழு அளவைச் சேர்க்க வேண்டும்.

இந்த ஜோடியின் பெரிய வரம்பு எல்லோருக்கும் தெரியும், பதில் கிடைப்பது தரைக்கு வந்த பிறகு. இதற்கு ஹங்கேரியர்கள் கண்ட வழி இன்றும் வியக்க வைக்கிறது. 1980-இல் பெர்த்தலான் ஃபார்காஷ் சல்யூத்-6 நிலையத்துக்குக் கொண்டுபோன பில்லே என்ற கருவி, சூடேற்றிப் படிக்கும் வேலையைக் கலத்துக்குள்ளேயே செய்தது. அதன் வாரிசு பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் பயன்பட்டது. விண்நடைக்குப் போகிறவர் ஒரு சில்லை உடையில் வைத்துக்கொண்டு போய், திரும்பிய கையோடு படித்துவிடலாம்.

சிலிக்கான்

இப்போதே தெரிய வேண்டும் என்றால் சிலிக்கான்தான். எளிய வடிவம், ஒரே ஒரு தட்டை டையோடு. 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1-இல் பல்கேரிய ராடம் கருவி போனது. ஏறக்குறைய 100 கிராம் எடை. 2 சதுர செ.மீ. பரப்பும் 0.3 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு டையோடு. 256 வழிகளில், அதாவது ஆற்றல் படிகளில், துகள்களைப் பிரித்துப் பதியும் மின்சுற்று. நிலவுக்கு 100 கி.மீ. மேலே அது கண்ட சராசரி மணிக்கு 9.5 மைக்ரோகிரேயை ஒட்டியது.

இந்த வகைக் கருவியின் கணக்கு கையாலேயே போடக்கூடியது, போட்டுப் பார்ப்பது நல்லது. 2 × 0.03 கன செ.மீ. சிலிக்கானின் எடை 0.14 கிராம். அதில் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் இறங்கினால் 1.14 நானோகிரே. வேகமான புரோட்டான் ஒன்று குறுக்கே போனால் சராசரியாக 0.116 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 0.13 நானோகிரே. இரும்புக் கரு ஒன்று போனால் அதைப் போல் 676 மடங்கு, ஏறக்குறைய 89 நானோகிரே. ஒரே பெருக்கியால் இந்த இரு எல்லைகளையும் பிடிப்பது கடினம். மேல் எல்லையை உயர்த்தினால் கீழே புரோட்டான்கள் இரைச்சலில் மூழ்கும். கீழே கூர்மையாக்கினால் கனமான கருக்கள் எல்லாம் கடைசி வழியில் போய்க் குவியும். கடைசி வழியில் விழுந்தவற்றின் உண்மை ஆற்றல் தெரியாது. ஆகவே உயர் பெருக்கம் ஒன்றும் தாழ் பெருக்கம் ஒன்றுமாக இரு பாதைகள் வைப்பதே நல்லது.

கிடைப்பது சிலிக்கானில் இறங்கிய டோஸ் என்பதையும் மறக்கக் கூடாது. நீருக்கு மாற்ற 1.23 என்ற பெருக்கும் எண் பரவலாகப் பயன்படுகிறது. வெப்பநிலை 7, 8 டிகிரி ஏறும்போதெல்லாம் டையோடின் கசிவு மின்னோட்டம் இரட்டிக்கும். வெயில் படும் பக்கத்தில் பொருத்தினால் இரைச்சல் ஏறி, பொய்யான எண்ணிக்கை வரும். ஒளி புகாத மூடி கட்டாயம். அந்த மூடியைத் தடிமனாக வைத்தால் பட்டை எலக்ட்ரான்கள் உள்ளே வராமலே நின்றுவிடும்.

ஒற்றை டையோடால் முடியாத காரியம் ஒன்று உண்டு. துகள் எந்தக் கோணத்தில் வந்தது என்று அதற்குத் தெரியாது. 60 டிகிரி சாய்ந்து வந்த புரோட்டான் 0.3 மி.மீ. தட்டில் 0.6 மி.மீ. தூரம் நடக்கிறது, இரு மடங்கு ஆற்றலை விடுகிறது. நேராக வந்த வேறொரு துகள் என்று கருவி அதைத் தவறாக வகைப்படுத்தும். இதைத் தீர்க்க இரு வழிகள். ஒன்று, டையோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் துளைத்த துகளை மட்டும் எண்ணுவது. ராட் இப்படிப்பட்டது, அதன் எடை 1.56 கிலோ. நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ கலத்தின் கிரேட்டர் கருவி இன்னொரு படி மேலே போய், அடுக்குகளுக்கு நடுவே தசைக்கு இணையான பிளாஸ்டிக் கட்டிகளை வைத்தது. உடலுக்குள் போனபின் கதிர் எப்படி மாறுகிறது என்பதையே அதனால் பார்க்க முடிந்தது.

மற்றது பிக்சல் சில்லு. செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்ட மெடிபிக்ஸ் கூட்டணியின் டைம்பிக்ஸ் சில்லில் 256 × 256 பிக்சல்கள். ஒவ்வொன்றும் 55 மைக்ரோமீட்டர். 60 டிகிரி சாய்ந்த துகள் 0.3 மி.மீ. தடிமனில் ஒன்பது, பத்து பிக்சல் நீளக் கோடு வரையும். கோட்டின் நீளத்திலிருந்து கோணம், கோணத்திலிருந்து உண்மையான பாதை, அதிலிருந்து ஆற்றல் இழப்பு வீதம். எலக்ட்ரான் நெளிந்து நெளிந்து போன தடமும், கனமான கருவின் தடித்த, ஓரங்களில் இழையோடும் தடமும் கண்ணாலேயே பிரித்தறியக்கூடியவை. 2012-இல் இப்படிப்பட்ட ஐந்து அலகுகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மடிக்கணினிகளில் யூஎஸ்பி துளையில் செருகப்பட்டன. நாசாவின் நிலவுக் கலமான ஓரியனின் ஹெரா கருவியும் இந்தச் சில்லையே நம்பியிருக்கிறது.

குறைகள் இதற்கும் உண்டு. பழைய டைம்பிக்ஸில் ஒரு பிக்சலில் விழும் ஆற்றல் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கும்போது அளவு திரிந்து, தடத்தின் நடுவே எரிமலை வாய்போல் பள்ளம் விழும். கனமான கருவின் ஆற்றலைத் திருத்தம் இல்லாமல் எடுத்தால் குறைவாகவே வரும். 65,536 பிக்சல்களையும் தனித்தனியே அளவுதிருத்தம் செய்ய வேண்டும். படம் பிடிக்கும் நேரம் அமைதியான வேளையில் சில விநாடி இருக்கலாம். தென் அட்லாண்டிக் பகுதியில் அதே நேரம் வைத்தால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிரிக்க முடியாமல் போகும். முந்தைய படத்தின் நெரிசலைப் பார்த்து அடுத்த படத்தின் நேரத்தைக் கருவியே குறைத்துக்கொள்ளும்படி மென்பொருள் எழுதப்பட வேண்டும்.

டிஈபிசி என்ற வாயு அறை

நீண்ட காலம் அளவுகோலாக நின்றது இது. தசைக்கு இணையான பிளாஸ்டிக் சுவர், உள்ளே தாழ்ந்த அழுத்தத்தில் புரோப்பேன் வாயு, நடுவே உயர் மின்னழுத்தக் கம்பி. அறையின் விட்டம் 5 செ.மீ. என்றால், வாயுவின் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தின் 2.2 சதவீதம் அளவுக்கு வைத்தால் அதைக் கடக்கும் துகள் 2 மைக்ரோமீட்டர் தசையைக் கடப்பதற்குச் சமமான ஆற்றலை விடும். ஓர் உயிரணுவுக்குள் நடப்பதை நேரடியாகப் பார்க்கும் கருவி என்பது இதன் பெருமை. சிலிக்கானுக்கு வேண்டிய மாற்று எண் இதற்குத் தேவையில்லை. நியூட்ரானுக்கும் ஓரளவு தசையைப் போலவே பதில் சொல்லும்.

ஆனாலும் புதிதாகக் கட்டும் சிறு கலத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். மின்விசிறி, பம்ப் அதிர்வுகள் கம்பியில் பட்டுப் பொய்த் துடிப்பு உண்டாகும். சுவரிலிருந்து கசியும் மாசு வாயுவைக் கெடுத்து, சில ஆண்டுகளில் பெருக்கம் நகர்ந்துவிடும். முத்திரை கசிந்து அழுத்தம் மாறினால் உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கும் அபாயமும் உண்டு. கோளமோ உருளையோ, அதைச் சுருக்குவதற்கும் எல்லை இருக்கிறது. பெரிய நிலையத்துக்கு, மற்றக் கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க இது ஏற்றது.

சிறியவை, தனிவேலைக்காரர்கள்

கெய்கர் குழாயை எண்ணிக்கைக்குத் தவிர வேறெதற்கும் நம்ப வேண்டாம். 1958-இல் எக்ஸ்ப்ளோரர்-1 அனுப்பிய தரவில் உயரமான இடங்களில் எண்ணிக்கை பூஜ்யமாக வந்தது. கதிர் இல்லாததால் வந்த பூஜ்யம் இல்லை அது. கதிர் மிகுந்து குழாய் மூச்சுத் திணறியதால் வந்தது. கார்ல் மக்கிள்வெயின் ஆய்வகத்தில் எக்ஸ்-ரே முன் குழாயை வைத்து அதை உறுதிசெய்தார். வான் ஆலன் பட்டைகள் கண்டுபிடிக்கப்பட்ட வழி இதுதான். எந்தக் கருவியை வாங்கினாலும் அதிகக் கதிரில் அதன் எண் மேலே நிற்குமா, கீழே விழுமா என்று கேளுங்கள். கீழே விழும் கருவி எச்சரிக்கை மணிக்கு உதவாது.

ஆளுக்கொன்றாக அணிய, சிறு அயனி அறையின் மின்னூட்டத்தை டிரான்சிஸ்டரின் மிதக்கும் வாயிலில் (கேட் என்ற முனையில்) சேமிக்கும் மின்னணு டோஸ்மீட்டர்கள் நல்லவை. பேட்டரி நெடுநாள் வரும், திரையில் எண் தெரியும். ஆற்றல் இழப்பு வீதம் மட்டும் தெரியாது. அருகிலிருக்கும் பிக்சல் கருவி தரும் சராசரிப் பெருக்கும் எண்ணைக் கொண்டு இதன் கிரேயை மாற்றிக்கொள்ளலாம்.

மின்னணுவின் ஆயுளுக்கு ராட்ஃபெட். கேட் முனையின் ஆக்சைடு படலம் தடிமனாகச் செய்யப்பட்ட பி-வகை டிரான்சிஸ்டர் அது. கதிர் படப்பட ஆக்சைடில் நேர் மின்னூட்டம் சிக்கி, இயங்கத் தேவையான மின்னழுத்தம் ஏறும். படிக்கும்போது மட்டும் வெப்பநிலையால் மாறாத ஒரு நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தி மின்னழுத்தத்தைக் குறிக்க வேண்டும். மற்ற நேரத்தில் எல்லாக் கால்களும் தரையோடு இணைந்திருக்கட்டும். மின்னோட்டம் செலுத்திய எத்தனையாவது விநாடியில் படிக்கிறோம் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனெனில் எண் மெல்ல நகரும். அடிக்கடி நடக்கும் தவறு, 5 வோல்ட் மின்வழியிலேயே இதை இயக்குவது. டோஸ் ஏறியபின் படிக்கத் தேவையான மின்னழுத்தம் 5-ஐத் தாண்டிவிடும். அளவி வேலைசெய்யும்போதே நாம் குருடாகிவிடுவோம். சிறு உயர்த்தி மின்சுற்று ஒன்று சேர்த்தால் தீரும்.

ஒரு நாளில் சேரும் சிறு டோஸை ராட்ஃபெட் உணராது. ஆனால் 50 கிரேயோ 100 கிரேயோ சேர்ந்தபின் தடுமாறும் சந்தைச் சில்லுகளுக்கு அருகே இதை ஒட்டினால், அந்தப் பலகை தன் ஆயுளில் எவ்வளவு செலவழித்தது என்று தெரியும். ஒரே துகளால் நினைவகத்தில் பிட் புரளும் கோளாறு இதில் படாது. அதற்கு மாதிரி எழுதி வைத்த ஒரு எஸ்ராம் நினைவகச் சில்லைக் குறித்த இடைவெளியில் படித்து, புரண்ட பிட்களை இடமும் நேரமும் சேர்த்துப் பதிந்தால் போதும். வரைபடத்தில் புள்ளியிட்டால் தென் அட்லாண்டிக் தானே எழும்பி வரும்.

நியூட்ரான்தான் பலர் விட்டுவிடும் பகுதி. அண்டக் கதிர் கலத்தின் சுவரில் மோதி உண்டாக்கும் நியூட்ரான்களுக்கு மின்னூட்டம் இல்லை. மெல்லிய சிலிக்கானுக்குப் பெரும்பாலும் தெரியாது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உடல் பெறும் அளவில் 30 சதவீதம் வரை இவற்றால் என்று கனடியர்கள் குமிழி அளவிகளைக் கொண்டு கண்டார்கள். கட்டியான ஜெல்லுக்குள் மிகைச்சூடேறிய நுண்துளிகள். நியூட்ரான் பட்ட துளி கண்ணுக்குத் தெரியும் குமிழியாகும். எண்ணியபின் மீண்டும் அழுத்தி அடுத்த வாரத்துக்குத் தயார் செய்யலாம். வெப்பநிலைத் திருத்தம் மட்டும் கவனம்.

எங்கே வைப்பது

நல்ல கருவியைத் தவறான இடத்தில் வைத்தால் மோசமான எண்தான் கிடைக்கும். 2022 நவம்பரில் ஆளில்லாமல் நிலவுக்குப் போய்வந்த ஆர்ட்டெமிஸ்-1-இல், பட்டையைக் கடக்கும்போது ஓரியனின் உள்ளே ஒரு மூலைக்கும் மற்றொன்றுக்கும் நான்கு மடங்கு வரை வேறுபாடு இருந்தது. கலம் 90 டிகிரி திரும்பியதும் டோஸ் வேகம் பாதியாகக் குறைந்தது. ஒரே ஒரு அளவி இருந்திருந்தால் இதைச் சூரியனின் குணமாற்றம் என்றுகூடப் படித்திருக்கலாம். அணிந்த அளவியையும் அப்படியே உடலின் அளவு என்று எடுக்க முடியாது. மனித உடலைப் போல் செய்த மட்ரியோஷ்கா பொம்மையை வைத்து நடந்த சோதனையில், நிலையத்துக்குள் இருக்கும்போது மேனியில் அணிந்த அளவி உள்ளுறுப்புகளைக் கணக்கில் கொண்ட அளவைவிட 15 சதவீதம்தான் கூடுதலாகக் காட்டியது. விண்நடைச் சூழலில் அது 200 சதவீதத்துக்கும் மேல். மெல்லிய உடையைத் தாண்டும் தாழ் ஆற்றல் துகள்கள் தோலோடு நின்றுவிடுவதால் வரும் வேறுபாடு இது.

எதை எடுப்பது

500 கி.மீ. உயரத்தில் பறக்கும் சிறு கல்லூரிச் செயற்கைக்கோளுக்கு இரண்டு ராட்ஃபெட், ஓர் எஸ்ராம், இடம் இருந்தால் ஒற்றை டையோடு. ராட்ஃபெட் ஒன்றைச் சுவரை ஒட்டியும் மற்றொன்றைப் பலகைகளுக்கு நடுவிலும் வைத்தால் மறைப்பின் பலன் தெரியும்; விண்வெளிக் கதிர்வீச்சைக் கணிக்கும் ஸ்பென்விஸ் இணையதளத்தில் முன்பே போட்ட கணக்கோடு ஒப்பிடலாம். டைம்பிக்ஸ் ஆசைப்படத்தக்கதுதான். ஆனால் படங்களைத் தரைக்கு இறக்கும் தொடர்பு வேகம் இல்லாவிட்டால் பெரும்பகுதி வீணாகும். தடங்களைக் கலத்திலேயே வகைப்படுத்தி எண்ணிக்கையை மட்டும் அனுப்பும் மென்பொருள் தயாராக இருந்தால் எடுங்கள்.

மனிதர் மூவர் சில நாள் 400 கி.மீ. பாதையில் சுற்றிவரும் கலத்துக்கு, ககன்யான் அளவிலான பயணத்துக்கு, ஆளுக்கொரு டிஎல்டி, சிஆர்-39 பொட்டலம் கட்டாயம். அவர்களின் வாழ்நாள் பதிவேட்டில் நிற்கப்போகும் எண் அது. மின்சாரம் போனாலும் நிற்கும். மூன்றே நாளில் கனமான துகள்கள் குறைவாகத்தான் பதியும் என்பதால் சிஆர்-39-இல் வழக்கத்தைவிடப் பெரிய பரப்பை நுண்ணோக்கியில் வருடிப் பார்க்கத் திட்டமிடுங்கள். கூடவே இருக்கைகளுக்கு அருகே ஒன்றும் மெல்லிய சுவருக்கு அருகே ஒன்றுமாக இரண்டு பிக்சல் அளவிகள்.

நிலவுப் பயணத்துக்கு இத்தனையும் போதாது. பூமியின் காந்தக் குடை அங்கே இல்லை. 2005 ஜனவரி 20 சூரிய நிகழ்வில் வேகமான புரோட்டான்கள் ஒளிப்பிழம்பு தோன்றிய கால் மணி நேரத்துக்குள்ளேயே பூமியை எட்டின. தரையிலிருந்து செய்தி வரும்வரை காத்திருக்காமல் கலமே மணியடிக்க வேண்டும். குறைந்தது நான்கு இடங்களில் பிக்சல் அளவி, ஒன்று மறைவிடமாகப் பயன்படும் மூட்டைகளுக்கு நடுவே. ஒவ்வொருவருக்கும் அணியும் மின்னணு அளவியும் டிஎல்டி பொட்டலமும். நியூட்ரானுக்குக் குமிழி அளவி. பிக்சல் அளவிகளில் ஒன்றாவது கலத்தின் முதன்மைக் கணினி நின்றாலும் தனி பேட்டரியில் மணியடிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

மணியை எந்த எண்ணில் கட்டுவது என்பதில் டோஸ் வேகத்தைவிடத் துகள் எண்ணிக்கையே நம்பகமானது. மேலே போட்ட கணக்கையே பாருங்கள். நிலவருகே ராடம் போன்ற டையோடுக்கு நிமிடத்துக்கு 158 நானோகிரே வரும். ஒரே ஒரு இரும்புக் கரு நேராகத் துளைத்தால் அதில் பாதிக்கு மேல் ஒரு நொடியில் சேர்ந்துவிடும். டோஸில் மணி கட்டினால் புயலே இல்லாமல் நள்ளிரவில் அடிக்கும். நாலு முறை பொய்யாக அடித்த மணியை ஐந்தாம் முறை யாரும் மதிக்க மாட்டார்கள். எண்ணிக்கையோ நிமிடத்துக்கு 300-ஐ ஒட்டி வரும், இயல்பான ஏற்ற இறக்கம் 6 சதவீதம்தான். அமைதி நிலையின் ஐந்து மடங்கு எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நிமிடம் நின்றால் மணி என்று தொடங்கலாம். வான் ஆலன் பட்டையைக் கடக்கும் நேரத்தில் மட்டும் பாதைக் கணிப்பைக் கொண்டு மணியை அடக்கி வையுங்கள். அப்போதும் பதிவு நிற்கக் கூடாது.